தடிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்

"மருந்து சாப்பிட்ட பிறகு உடம்பு தடித்தால் அது கழிவு வெளியேறுவதா, ஒவ்வாமையா, ஐயா?"

சித்த மருத்துவராகப் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன கூட்டத்தில் எழுந்து இப்படிக் கேட்டார். கழிவுதான் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்ற ஏக்கம் அவர் முகத்தில் இருந்தது. அந்த ஏக்கம் எனக்கும் தெரியும். நம் மருந்தைச் சாப்பிட்ட ஒருவர் சொறிந்துகொண்டே எதிரில் வந்து நிற்கும்போது, "நல்லதுங்க, உள்ளே இருந்த கெட்டதெல்லாம் வெளியே வருது" என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி! அவருக்கும் மகிழ்ச்சி, நமக்கும் கௌரவம். அன்று மேடையில் இரண்டு நிமிடம் ஏதோ சொல்லி உட்கார்ந்துவிட்டேன். உண்மையான பதில் இரண்டு நிமிடத்தில் அடங்காது. அதற்குள் ஒரு மிராசுதார் இருக்கிறார், அவருடைய காரியஸ்தர் இருக்கிறார், ஒரு குறுவை அறுவடையும் இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திராவிட ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் அரசு சித்த மருந்தகம் திறந்து, என்னை அங்கே போட்டார்கள். மாயவரம் என்று நான் எழுதுவதை நீங்கள் மயிலாடுதுறை என்று படித்துக்கொள்ளுங்கள். என் அப்பா, அம்மா இருவரும் திருவிடைமருதூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அதனால் எதையும் படித்தது படித்தபடி செய்யவேண்டும் என்ற பயபக்தி எனக்கு இருந்தது. நோயாளியிடம் கேட்கவேண்டியதை ஒன்று விடாமல் கேட்பேன். என்ன சாப்பிடுகிறீர்கள், எது ஒத்துக்கொள்ளாது, தூக்கம் எப்படி என்று நான் ஆரம்பித்தால், "டாக்டர் தம்பி பொண்ணு பாக்க வந்தாப்புல கேக்குறாரு" என்று பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த நீள பெஞ்சுதான் மருந்தகத்தின் ஒரே இருக்கை. யார் வந்தாலும் அதில்தான் உட்காரவேண்டும், வரிசையில்தான் உள்ளே வரவேண்டும்.

அந்த ஊர்க்காரர்களுக்குப் பேதி மருந்து என்றால் திருவிழா மாதிரி. அறுப்பு முடிந்து கை ஓய்ந்ததும் குடும்பத்தோடு ஒரு நாள் ஒதுக்கிப் பேதிக்குச் சாப்பிடுவார்கள். மறுநாள் யாருக்கு எத்தனை தடவை என்று தெருவில் பெருமையாகப் பேச்சு நடக்கும். உடம்பிலிருந்து எது வெளியே வந்தாலும் நல்லது, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்பது அவர்கள் கணக்கு. பேதி விஷயத்தில் அது பாதி சரி. ஏனென்றால் பேதி மருந்தைக் கொடுக்கும்போதே நான் சொல்லிவிடுகிறேன்: வயிறு கழியும், மோர் சோறு சாப்பிட்டதும் நின்றுவிடும். சொன்னபடி வருகிறது, சொன்னபடி நிற்கிறது. அது மருந்தின் வேலை. ஆனால் அதே கணக்கைத் தோலுக்கும் உதட்டுக்கும் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

அந்த ஊரில் பெரிய நிலம் ஒருவரிடம் இருந்தது. மிராசுதார் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். அதுவரை அவரை நான் நேரில் பார்த்தது கிடையாது. நான் மட்டுமில்லை, அவர் வயலில் வேலை செய்தவர்களே எதிரில் நின்று பேசியது கிடையாது. எல்லாவற்றுக்கும் காரியஸ்தர்தான். வரப்புத் தகராறுக்குக் காரியஸ்தர், கல்யாணத்துக்கு மொய் எழுதக் காரியஸ்தர், கூலிப் பேச்சுக்கும் காரியஸ்தர். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தலைவி தனபாக்கியம் அக்கா இதைச் சொல்லிச் சொல்லிக் கொதிப்பார். "நாங்க தொண்ட கிழியப் பேசுவோம். அந்த ஆளு எல்லாத்தையும் தலயாட்டிக் கேட்டுட்டு, 'அய்யாவ கேட்டுச் சொல்றேன்'னு எந்திரிச்சுப் போயிடுவாரு. அய்யான்னு ஒருத்தர் நெசமாவே இருக்காரான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு தம்பி!"

அந்தக் காரியஸ்தர் ஒருநாள் மருந்தகத்துக்கு வந்தார். பெஞ்சின் ஓரத்தில் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே வந்தார். மூட்டுவலி என்றார். முழங்காலில் எந்தப் பக்கம், எப்போது அதிகம் என்று எல்லாவற்றையும் கச்சிதமாகச் சொன்னார். சேராங்கொட்டை சேர்ந்த லேகியம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சலவைக்காரர்கள் துணியில் குறி போடுவார்களே, அதே கொட்டைதான். முறையாகச் சுத்தி செய்து நஞ்சை நீக்கினால் நல்ல மருந்து. ஆனால் சிலருக்கு ஆகவே ஆகாது. மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றுக்கு முகம் சுளிக்கும் உடம்பு மற்றதற்கும் சுளிக்கலாம். ஆகவே வழக்கம்போல் கேட்டேன்.

"மாங்காப்பால் பட்டா புண்ணாகுமா?"

"ஆகாதுங்க."

"முந்திரி சாப்பிட்டா வாய் அரிக்குமா?"

"அரிக்கறதா? கல்யாண வீட்டுல பாயசத்துல முந்திரியத்தான் மொதல்ல தேடுவேன்!" என்று சிரித்தார்.

சுண்டைக்காய் அளவு, காலையில் மட்டும் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த சில நாட்களில் ஊர் சூடாகிவிட்டது. குறுவை முற்றித் தலை சாய்ந்திருந்தது. வடக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. கூலி நெல்லைக் கூட்டித் தராமல் அரிவாள் எடுக்கமாட்டோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப்போகிறார்கள் என்று வதந்தி. அதைத் தடுக்க, ஊருக்குள் வண்டி வரும் ஒரே வழியான வாய்க்கால் பாலத்தில் செங்கொடியை நட்டுத் தனபாக்கியம் அக்காவும் ஆட்களும் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் தாசில்தார் முன்னிலையில் பேச்சு என்று முடிவாகியிருந்தது. அதுவும் முறிந்தால் பயிர் மழையில் படுத்துவிடும். பயிர் படுத்தால் மிராசுதாருக்கு நஷ்டம், அறுப்பை நம்பியிருந்த தெருக்களில் அடுப்பு எரியாது.

அன்று காலை காரியஸ்தர் மறுபடி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"டாக்டர், ஒரு சந்தேகம். லேகியம் சாப்பிட்டு ஒடம்பு தடிச்சா நல்லதுதானே? உள்ள இருக்குற கழிவு வெளியேறுதுன்னு அர்த்தம், இல்லீங்களா?"

"தடிச்சிருக்கா? எங்க, காட்டுங்க."

அவர் சட்டைக் கையைத் தூக்கினார். ஒன்றுமில்லை. மற்றக் கையைத் தூக்கினார். அதுவும் பளபளவென்று இருந்தது.

"எங்கங்க தடிப்பு?"

"அது… வீட்ல இருக்குங்க."

"தடிப்ப வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?"

பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நொடி, மருந்து வேறு யாருக்கோ போயிருக்கிறது என்று புரிந்தது. அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன்.

"மருந்து யாருக்குங்க?"

"அய்யாவுக்கு."

"அப்ப அன்னைக்கு நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னீங்களே?"

"நீங்க என்னயப் பாத்துக் கேட்டீங்க. நான் எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். அய்யா இங்க வந்து, இந்த பெஞ்சுல, நாலு பேரோட… எப்படிங்க டாக்டர்?"

அதாவது மூட்டு மிராசுதாருடையது, முந்திரிப் பாயசம் காரியஸ்தருடையது. இரண்டையும் சேர்த்து ஒரு ஆள் என்று நான் மருந்து கொடுத்திருக்கிறேன்.

"சரி, அவருக்கு முந்திரி ஒத்துக்குமா?"

காரியஸ்தர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். "அந்த வீட்டுல முந்திரியே வாங்கமாட்டோங்க. சின்ன வயசுல பச்ச முந்திரிய ஒடச்சு வாயெல்லாம் வெந்துபோச்சாம். மாம்பழ சீசன்ல கூட ஒதடு புண்ணாயிடும்."

"இப்ப ஒதடு எப்படி இருக்கு?"

"அதுவும் கொஞ்சம் தடிச்சிருக்கு. பேச்சு கொழகொழன்னு வருது. ஆனா அய்யா ரொம்ப சந்தோஷமா இருக்காருங்க. மருந்து பிடிச்சிருச்சுன்னு இன்னைக்கு நெல்லிக்கா அளவு எடுத்துக்கிட்டாரு."

மருந்தகத்தைப் பூட்டிவிட்டு சைக்கிளை எடுத்தேன். மிதிக்கும்போது என்னென்ன தோன்றியது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டும். ஏனென்றால் உங்களுக்கும் தோன்றும். கூலிக்காரன் மகன் கொடுத்த மருந்து. கூலிக்காரர்கள் பாலத்தில் உட்கார்ந்திருக்கும் வாரம். மிராசுதார் முகம் வீங்கிக் கிடக்கிறார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் சேராங்கொட்டையைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? போய், "நல்ல குறிதாங்க, அளவைக் கொஞ்சம் குறைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டால் என்ன? இன்னொன்றும் தோன்றியது. நிறுத்தச் சொன்னால், மருந்து தப்பு என்று நானே ஊருக்கு எழுதிக் கொடுத்தமாதிரி ஆகிவிடுமே? இந்த இரண்டு யோசனையிலும் நான் இருந்தேன், என் மருந்து இருந்தது. நோயாளியைக் காணோம். அது உறைத்ததும் கொஞ்சம் வேகமாக மிதித்தேன்.

மிராசுதார் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஒரு கண் பாதி மூடியிருந்தது. உதடு தடித்துத் தொங்கியது. மார்பிலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. சொறிந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாய்யா டாக்டரு! ஒன் மருந்து பேசுதுய்யா! எங்க அப்பா காலத்துப் பித்தமெல்லாம் வெளிய வருது பாரு!"

"இது பித்தம் இல்லீங்க. மருந்து உங்களுக்கு ஒத்துக்கல. இனிமே ஒரு துளி தொடக்கூடாது."

அவர் சிரிப்பு நின்றது. "என்னய்யா இது, குடுத்தவனே நிறுத்துன்னா? கழிவு பாதி வந்து பாதி உள்ள நின்னுட்டா?"

"கழிவு வரும்னு நான் சொல்லலீங்க. ஒடம்பு தடிக்கும், ஒதடு வீங்கும்னு சொல்லி நான் மருந்து குடுக்கல. நான் சொல்லாத ஒண்ணு வந்திருக்கு. ஒவ்வொரு வேளைக்கும் கூடிக்கிட்டே போகுது. வெளியேறுறதா இருந்தா கொறையணுமில்லீங்களா?"

அவர் யோசித்தார். ஏமாந்துபோன மாதிரி இருந்தது அவர் பார்வை. கழிவு என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்திருக்கிறது. ஒவ்வாமை என்றதும் அது போய்விட்டது.

"கையக் குடுங்க. நாடி பாக்கணும்."

அவர் என் கையையே பார்த்தார், கூலிக்காரன் மகனின் கை அது. காரியஸ்தர் சுவரைப் பார்த்தார். என் கை நீண்டபடியே இருந்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் கை மெதுவாக நாற்காலியின் கட்டையிலிருந்து எழுந்து என் கையில் வந்து விழுந்தது. நாடி குதிரையாக ஓடிக்கொண்டிருந்தது. மூச்சில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது.

"மாயவரம் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே. ஊசி போடணும்."

"சித்த வைத்தியன் ஊசி போடப் போங்கறான்! இது என்னய்யா வைத்தியம்?"

"தொண்ட அடைச்சுப்போனா சித்தமும் உள்ள போகாது, இங்கிலீசும் உள்ள போகாதுங்க. எந்திரிங்க."

காரை எடுத்தார்கள். காரியஸ்தர் முன்னால், மிராசுதாரும் நானும் பின்னால். வழியில் பாலம். நடுவில் கொடி. கார் வருவதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வெளியூர் ஆள் பிடிக்கப் போகிறார்கள் என்று யாரோ கத்தினார்கள். காரியஸ்தர் இறங்கப் போனார். "நீங்க இருங்க, இன்னைக்கு அய்யாவே பேசட்டும்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. தனபாக்கியம் அக்கா ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தார். முதலில் என்னைப் பார்த்து முறைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"அய்யய்யோ! யாரு தம்பி இது, பூசணிக்கா மாதிரி?"

"அய்யாதாங்க அக்கா."

"ஓ… இவருதான் அய்யாவா!" அக்கா நன்றாகப் பார்த்துக்கொண்டார். "என்ன ஆச்சு?"

மிராசுதார் தடித்த உதட்டோடு, "கழிவு வெளியேறுதுன்னு நெனச்சேன்மா, இல்லையாம்" என்றார்.

"அப்படித்தானே இருக்கும். உங்க கழிவு வெளியேறணும்னா காரு பத்துமா, லாரியில்ல வேணும்!"

பாலமே சிரித்தது. உள்ளே இருந்த எனக்கு உயிர் போய் வந்தது. அப்போது என் பக்கத்தில் ஒரு குலுங்கல். மூச்சு முட்டுகிறதோ என்று பதறித் திரும்பினேன். மிராசுதார் சிரித்துக்கொண்டிருந்தார், வீங்கிய கண்ணில் தண்ணீர் வர.

காரியஸ்தர் தனக்கென்று சொல்லி வாங்கிப்போன மருந்து அய்யாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சுருக்கமாகச் சொன்னதும், அக்கா கொடியைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். "வழி விடுங்கடா. அய்யா, போய் நல்லாயிட்டு வாங்க. நாளைக்கு நாங்க சண்ட போட ஆளு வேணும். இவர அனுப்பிறாதீங்க" என்று முன்சீட்டைக் காட்டினார். "நோவு ஒருத்தருக்கு, வாய் இன்னொருத்தருக்குன்னா என்னா ஆவும்னு பாத்தீங்கள்ல?"

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு, படுக்கவைத்துப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் மூச்சு சீரானது, உதடு அடங்கியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிக்கல்தான் என்றார் அங்கிருந்த மருத்துவர். "நீங்களே நிறுத்திக் கூட்டிவந்தீர்களா?" என்று அவர் என்னைக் கேட்டபோது அவர் குரலில் கேலி இல்லை.

மறுநாள் தாசில்தார் அலுவலகத்தில் ஒரு பக்கம் சங்கம், மறுபக்கம் ஒரு நாற்காலி. வழக்கமாகக் காரியஸ்தர் உட்காரும் அந்த நாற்காலியில் மிராசுதார் வந்து உட்கார்ந்தார். ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். சுவர் ஓரமாக நின்றேன். தனபாக்கியம் அக்கா எழுந்து, இவ்வளவு கூலி நெல் வேண்டும் என்று சொன்னார். மிராசுதார் முகம் கழுத்திலிருந்து காது வரை குப்பென்று சிவந்தது. தாசில்தார் பயந்துபோய் என் பக்கம் திரும்பினார்.

"டாக்டர், இது…?"

"இது மருந்தால வந்தது இல்லீங்க" என்றேன்.

முதலில் சிரித்தது அக்கா. கடைசியாகச் சிரித்தது மிராசுதார். சிரித்த பிறகு பேரம் ஆரம்பித்தது. அவர் ஒன்றும் தாராளமாகிவிடவில்லை, படிக்குப் படி வாதாடினார். அக்காவும் கேட்டது முழுதும் கிடைக்காமல்தான் எழுந்தார். ஆனால் "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்ல அன்று அந்த நாற்காலியில் ஆள் இல்லை. கேட்டவருக்கு எதிரிலேயே பதில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் கையெழுத்தானது. மறுநாள் விடியும்போது வயலில் அரிவாள் இறங்கிவிட்டது. மழை அதற்குப் பிறகுதான் வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கழிவா, ஒவ்வாமையா என்று குழம்பும்போது நான் இரண்டைப் பார்ப்பேன். மருந்து கொடுக்கும்போது இது வரும் என்று நான் வாய்விட்டுச் சொன்னதா? சொன்ன இடத்தில் நிற்கிறதா? இல்லையென்றால், வந்தபிறகு அதற்கு நல்ல பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை. அரிப்பு, தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் எது வந்தாலும் மருந்தை நிறுத்துங்கள். முகமோ மூச்சோ என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். காரணத்தை அப்புறம் ஆராயலாம். நிறுத்தியதால் நம் மருத்துவத்தின் மானம் போய்விடாது. எந்த விளைவு வந்தாலும் நமக்கு வெற்றி என்று ஆகிற ஒரு விளக்கம் கையில் கிடைத்தால், அதைக் கீழே போட்டுவிடுங்கள். அது நோயாளிக்காகச் செய்த விளக்கம் இல்லை. இன்னொன்று, கையைத் தொட்டுப் பார்க்காத ஆளுக்கு மருந்து கொடுக்காதீர்கள். அந்த நாளுக்குப் பிறகு நான் கொடுத்ததில்லை.

அறுப்பு முடிந்து ஒரு காலைவேளை மருந்தகத்தில் சலசலப்பு. எட்டிப் பார்த்தேன். மிராசுதார் வாசலில் நின்று பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுவதா வேண்டாமா என்று சிலருக்குக் குழப்பம். நடுவில் இருந்த தனபாக்கியம் அக்கா எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க அய்யா. தடிப்ப வீட்ல வச்சுட்டு வரலியே?"

உட்கார்ந்தார். முறை வரும்வரை இருந்தார். உள்ளே வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டிவிட்டு, ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்: "முந்திரி ஆகாது. மாங்காப்பால் ஆகாது. சேராங்கொட்டை ஆகவே ஆகாது."

வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "செங்கொடி?"

மிராசுதார் கதவுப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்.

"இப்பத்தாம்மா கொஞ்சம் கொஞ்சமா ஒத்துக்குது!"